வெசாக் இரவில் ஒலிக்கும் குரல்: மொஹிதீன் பேக் விட்டுச் சென்ற மரபு

வெசாக் பௌர்ணமியை முன்னிட்டு மாத்தளை நகரிலும் அதனைச் சூழவுள்ள ஊர்களிலும் ஆண்டுதோறும் அலங்காரத் தோரணங்கள் அமைக்கப்படுகின்றன. வீட்டு வாசல்களில் வெசாக் கூடுகள் ஒளிர்கின்றன. தன்சல்களின் முன்னால் மக்கள் வரிசையில் நிற்கின்றனர். பௌத்த திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பட்ட இடமெனப் போற்றப்படும் அலுவிகாரை நகரிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவிலேயே இருப்பதால், இம்மாவட்டத்து வெசாக் கொண்டாட்டத்திற்குத் தனிச் சிறப்புண்டு. அந்த இரவுகளில் ஒலிபெருக்கிகளிலிருந்து எழும் பக்தி கீதங்களுள் சில, அரை நூற்றாண்டிற்கும் மேலாக மாறாதிருப்பவை. மேடையேறும் இளம் பாடகர்களும் அவற்றையே தேர்ந்து பாடுகின்றனர். உச்ச ஸ்தாயியில் தடையின்றி ஏறி, நெஞ்சை உருக்கும் குழைவுடன் இறங்கும் அந்தக் குரலை அவர்கள் தம்மால் இயன்றவரை பின்பற்ற முயல்கின்றனர்.

அந்தக் குரலுக்கு உரியவர் அல்ஹாஜ் மொஹிதீன் பேக். தமிழ்நாட்டின் சேலத்தில் பிறந்த ஒரு முஸ்லிம். 1919 டிசம்பர் 5ஆம் திகதி பிறந்து, 1991 நவம்பர் 4ஆம் திகதி மறைந்த அவர், இலங்கையின் சிங்கள இசையுலகில் அழிக்க முடியாத இடத்தைப் பெற்றவர். புத்த பெருமானையும் தம்மத்தையும் சங்கத்தையும் சரணடையும் மும்மணிச் சரணத்தை மையமாகக் கொண்ட பாடலை அவர் பாடியது போன்று வேறெவரும் பாடவில்லை என்று சிங்கள மக்களே இன்றும் கூறுகின்றனர். மதத்தாலும் பிறந்த மண்ணாலும் தாய்மொழியாலும் பேரினத்தவரிலிருந்து வேறுபட்டிருந்த ஒருவர், அவர்களது மிகப் புனிதமான இரவின் குரலாக மாறியது எவ்வாறு என்பதும், அந்தப் பெருமையை இன்று யார் எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பதும் தமிழ் பேசும் மக்களாகிய நாம் சிந்திக்க வேண்டிய விடயங்களாகும்.

1930களின் தொடக்கத்தில், பதின்ம வயதுச் சிறுவனாக இருந்தபோது மொஹிதீன் பேக் கொழும்பு வந்து சேர்ந்தார். அக்காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்கு வருவது பெரிய பயணமாகக் கருதப்படவில்லை. வணிகரும் தொழிலாளரும் கலைஞரும் வந்து போய்க்கொண்டிருந்தனர். மாத்தளை மாவட்டத் தோட்டப்புற மக்களுக்கு இது பழக்கமான கதையே. அவர்களது மூதாதையர் திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து திரட்டப்பட்டவர்கள். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தவர்கள். வழியில் நோயாலும் பசியாலும் மடிந்தோர் எண்ணிலடங்கார். ஒரே மாவட்டத்து மண்ணிலிருந்து புறப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் மலையேறிக் கோப்பியும் தேயிலையும் வளர்த்தனர். பிற்காலத்தில் வந்த ஒரு சிறுவன் கொழும்பில் பாட்டுக் கற்றான்.

அவர் காலடி வைத்த இசையுலகம் பல இனத்தவரும் சேர்ந்து கட்டியதாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் கம்பனிகள் கொழும்பு மக்களுக்கு வட இந்திய மெட்டுக்களை அறிமுகப்படுத்தின. அவற்றின் வழியில் தோன்றியதே சிங்கள நூர்த்தி நாடகம். சிங்கள தேசிய உணர்வை மேடையில் எழுப்பிய ஜோன் டி சில்வாவின் நாடகங்களுக்கு இசை அமைத்தவர் இந்தியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட விசுவநாத் லவ்ஜி என்பவரே. 1911ஆம் ஆண்டு மருதானையில் திறக்கப்பட்ட டவர் மண்டபம் இந்நாடகங்களின் தலைமையகமாக விளங்கியது. ஒலிவாங்கி இல்லாத அக்கால மேடையில் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் பாட்டுக் கேட்க வேண்டும். ஆகவே உரத்த, உயர்ந்த, தெளிவான குரலே மேடைப் பாடகருக்கு மூலதனமாயிற்று.

பின்னர் இசைத்தட்டு வந்தது. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே பதிவு செய்யக்கூடிய அந்தத் தட்டுகள், நாடகப் பாடலைச் சுருக்கி வீட்டுக்குள் கொண்டு சேர்த்தன. இசைத்தட்டு நிறுவனங்களுக்காகச் சிங்களப் பாடல்களுக்கு இசையமைத்தவர்களில் முதன்மையானவர் கௌஸ் மாஸ்டர் என அழைக்கப்பட்ட முஹம்மத் கௌஸ். இளைஞர் மொஹிதீன் பேக்கை இனங்கண்டு வாய்ப்பளித்தவர் அவரே. இசைத்தட்டுக்காக மொஹிதீன் பேக் பாடிய தொடக்ககாலப் பாடல்களுள் பௌத்த பக்திப் பாடலும் ஒன்று. ஒரு முஸ்லிம் இசையமைக்க, இன்னொரு முஸ்லிம் பாட, சிங்கள பௌத்த இல்லங்களில் பக்தி மணம் கமழ்ந்த காலம் அது. அதில் எவரும் வியப்படைந்ததாகத் தெரியவில்லை. பாடுவதற்கு நல்ல குரல் தேவைப்பட்டது. அந்தக் குரல் அவரிடம் இருந்தது.

1947ஆம் ஆண்டு சிங்களப் பேசும்படம் பிறந்தது. அதன் பிறப்பிடமும் தமிழ்நாடே என்பது குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு ஜனவரியில் திரையிடப்பட்ட முதற் படமான கடவுணு பொறொந்துவ, எஸ். எம். நாயகம் என்ற தமிழரின் தயாரிப்பில் மதுரையில் படமாக்கப்பட்டது. அடுத்து வந்த அசோகமாலா கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்டது. அதற்கு இசையமைத்தவர் கௌஸ் மாஸ்டர். அப்படத்தின் மூலமே மொஹிதீன் பேக்கின் குரல் திரைக்கு வந்தது. துட்டகைமுனு மன்னனின் மகன் சாலிய, தாழ்ந்த குலத்தவள் எனக் கருதப்பட்ட ஒரு பெண்ணுக்காக அரியணையைத் துறந்த கதை அது. இதே படத்துக்காக கௌஸ் மாஸ்டர் இந்தியாவுக்கு அழைத்துச் சென்ற வயலின் கலைஞர் ஒருவர் இருந்தார். அல்பர்ட் பெரேரா என்ற அந்த இளைஞரே பிற்காலத்தில் அமரதேவ என்ற பெயரில் சிங்கள இசையின் சிகரமாக விளங்கினார்.

அதன் பின்னர் மூன்று தசாப்தங்களுக்கும் மேலாக மொஹிதீன் பேக் திரைப்படங்களுக்குப் பின்னணி பாடினார். கருணாரத்ன அபேசேகர போன்ற கவிஞர்களின் வரிகள் அவர் குரலில் உயிர்பெற்றன. லதா வல்பொல உள்ளிட்ட முன்னணிப் பாடகியர் அவருடன் இணைந்து பாடினர். அவர்களுள் ருக்மணி தேவியைத் தனியே குறிப்பிட வேண்டும். றம்பொடையில் டேசி ராசம்மா டேனியல்ஸ் என்ற பெயருடன் பிறந்த அவர் ஒரு தமிழ்க் கிறிஸ்தவர். நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்து சிங்களத் திரையுலகின் முதற் கதாநாயகியாகப் புகழ்பெற்றவர். 1978 ஒக்டோபர் 28ஆம் திகதி வீதி விபத்தில் அவர் உயிரிழந்தபோது நாடே கலங்கியது. மலையகத்தில் பிறந்த ஒரு தமிழ்ப் பெண்ணும் சேலத்தில் பிறந்த ஒரு முஸ்லிமும் இணைந்து பாடிய சிங்களக் காதற் பாடல்களைக் கேட்டு ஒரு தலைமுறையே காதல் வயப்பட்டது எனலாம். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து சிங்களத் திரையிசையில் பெரும் பணியாற்றிய ஆர். முத்துசாமியும் இந்த வரிசையில் நினைவுகூரப்பட வேண்டியவரே.

எனினும் மொஹிதீன் பேக்கின் புகழ் வளர்ந்த அதே காலத்தில்தான், அவர் போன்றோரின் இருப்பைக் கேள்விக்குள்ளாக்கிய சட்டங்களும் நிறைவேற்றப்பட்டன. 1948ஆம் ஆண்டின் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை வழியில் இந்நாட்டுப் பிறப்பை நிரூபிக்க முடியாதவர்களைப் பிரஜைகள் என ஏற்க மறுத்தது. மலையகத் தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கானோர் ஒரே நாளில் நாடற்றவராயினர். சேலத்தில் பிறந்த ஒரு பாடகரும் அச்சட்டத்தின்படி மரபுரிமைப் பிரஜை அல்லர். 1964ஆம் ஆண்டு கைச்சாத்திடப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதெனத் தீர்மானித்தது. இறத்தோட்டை, உக்குவளை, எல்கடுவை ஆகிய பகுதிகளின் தோட்டங்களிலிருந்து உற்றார் உறவினரைப் பிரிந்து புறப்பட்டோர் கண்ணீருடன் சென்றனர். அவர்கள் ஏறிய பஸ்களிலும் ரயில் நிலையங்களிலும் இருந்த வானொலிகளில் மொஹிதீன் பேக்கின் குரல் ஒலித்திருக்கக்கூடும். சேலத்துக் குரலை வைத்துக்கொண்டு சேலத்து மக்களைத் திருப்பி அனுப்பிய நாடு இது.

1956ஆம் ஆண்டை இங்கு மறந்துவிட முடியாது. புத்த பெருமான் பரிநிர்வாணமடைந்து 2,500 ஆண்டுகள் நிறைவுற்றதைக் குறிக்கும் புத்த ஜயந்தி அவ்வாண்டில் பெருவிழாவாகக் கொண்டாடப்பட்டது. பௌத்த பக்திப் பாடல்களுக்கு என்றுமில்லாத வரவேற்பு ஏற்பட்டது. அதே ஆண்டிலேயே தனிச் சிங்களச் சட்டமும் நிறைவேற்றப்பட்டது. ஒருபுறம் மொஹிதீன் பேக்கின் குரலை விகாரைகளின் முற்றத்தில் ஒலிக்கவிட்ட சமூகம், மறுபுறம் அவரது ஊர்மக்களின் மொழிக்கு அரச அலுவலகக் கதவுகளை மூடியது. இவ்விரண்டும் ஒரே மக்களால் ஒரே காலத்தில் செய்யப்பட்டவை. கலையை நேசிப்பதால் மட்டும் கலைஞனின் மக்களுக்கு நீதி கிடைத்துவிடுவதில்லை என்பதை வரலாறு இவ்வாறு எமக்குக் கற்றுத் தந்துள்ளது.

அவர் விட்டுச் சென்ற மரபு குறித்து மூன்று தரப்புகளிலிருந்து மூன்று விதமான சர்ச்சைகள் எழுந்துள்ளன. முதலாவது, இசைத் துறையிலிருந்து எழுந்தது. 1940களில் சுனில் சாந்த முதலியோர் சிங்கள இசை தன் சொந்தக் காலில் நிற்க வேண்டுமெனக் குரல் கொடுத்தனர். ஹிந்தி, தமிழ்த் திரைமெட்டுக்களை அப்படியே எடுத்துச் சிங்கள வரிகளைப் பொருத்துவது இழிவானது என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1956இல் வெளிவந்த ரேகாவ திரைப்படம், சுனில் சாந்தவின் இசையில் இதற்கு மாற்றுவழி காட்டியது. இந்த விவாதத்தில், மொஹிதீன் பேக் பாடிய பாடல்கள் பல இரவல் மெட்டுக்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இவ்விமர்சனத்தில் உண்மை இல்லாமலில்லை. அக்காலத் தயாரிப்பாளர்கள், வெற்றி பெற்ற இந்தியப் பாடலின் மெட்டையே விரும்பினர். மெட்டைத் தெரிவு செய்தவர் பாடகர் அல்லர். ஆயினும் இரவல் மெட்டு என்ற பழி, அதை வேண்டிநின்ற தயாரிப்பாளரைவிட அதைப் பாடியவர் மீதே அதிகமாக விழுந்தது. சொந்த இசையின் அடையாளமாகப் போற்றப்படும் அமரதேவவே கௌஸ் மாஸ்டரின் பட்டறையிலிருந்து வந்தவர் என்பதை நினைத்துப் பார்ப்போர் சிலரே.

இரண்டாவது சர்ச்சை முஸ்லிம் சமூகத்திற்குள்ளேயே உள்ளது. ஏக இறைவனை வணங்கும் ஒருவர் மற்றொரு மதத்தின் சரணங்களைப் பாடலாமா என்ற கேள்வியை எழுப்பியோர் உண்டு. இசையையே ஏற்காதோரும் உண்டு. மார்க்கத் தீர்ப்பு வழங்குவது எமது பணியன்று. ஆயினும் உண்மைகளை உள்ளவாறு எடுத்துரைக்கலாம். அவர் தம் மதத்தை மறைத்தவரல்லர், மாற்றிக்கொண்டவருமல்லர். ஹஜ் கடமையை நிறைவேற்றியவர். அல்ஹாஜ் என்ற அடைமொழி இசைத்தட்டு உறைகளிலும் மேடை அறிவிப்புகளிலும் அவர் பெயருடன் ஒட்டியே இருந்தது. சிங்களப் பெயரொன்றைச் சூடிக்கொண்டு புகழ்பெற விரும்பியிருந்தால் அதற்குத் தடையிருந்திருக்காது. டேசி ராசம்மா ருக்மணி தேவியானது போன்று எத்தனையோ கலைஞர்கள் மேடைக்கென வேறு பெயர் பூண்டனர். மொஹிதீன் பேக் தாய் தந்தையர் இட்ட பெயருடனேயே பௌத்த கீதம் பாடினார். அதுவே அவரது கண்ணியம் என நாம் கருதுகின்றோம்.

மூன்றாவது சர்ச்சையே இன்று மிகவும் கவலைக்குரியது. அது அரசியல் சார்ந்தது. இந்நாட்டில் சிறுபான்மையினர் மீது வன்முறை கட்டவிழ்த்து விடப்பட்ட ஒவ்வொரு சந்தர்ப்பத்தின் பின்னரும், மொஹிதீன் பேக்கின் பெயர் மேடைகளிலும் பத்திகளிலும் எடுத்தாளப்படுவதை நாம் கண்டிருக்கிறோம். ஒரு தரப்பினர் அவரைச் சான்றாகக் காட்டி, இந்நாட்டில் இனவாதமே இருந்ததில்லை என்கின்றனர். ஒரு முஸ்லிமின் குரலைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய மக்களைக் குறைகூறலாமா எனக் கேட்கின்றனர். மற்றொரு தரப்பினர், எமது தரப்பைச் சேர்ந்தவர்களே, அவரைக் கேடயமாகப் பிடிக்கின்றனர். எம்மவர் ஒருவர் உங்கள் மதத்திற்காகப் பாடினாரே, அதற்காகவாவது எம்மை விட்டுவிடுங்கள் என்று மன்றாடும் தொனியில் பேசுகின்றனர்.

மாத்தளை மாவட்டம் இவ்விரு வாதங்களின் போதாமையையும் நேரில் கண்ட மாவட்டமாகும். 1983 ஜூலையில் மாத்தளை நகரின் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. ஐந்து தேர்ப் பவனிக்குப் புகழ்பெற்ற முத்துமாரியம்மன் ஆலயமும் தாக்குதலுக்கு இலக்காகியது. அதே நாட்களில் கொழும்புக்கு அருகே ஹெந்தளையில் கே. குணரத்தினம் என்ற தமிழருக்குச் சொந்தமான விஜயா ஸ்டூடியோவும் தீக்கிரையானது. சிங்களத் திரைப்படங்களின் மூலப் பிரதிகள் பல அங்கு சாம்பலாயின. தமிழருக்கு மூட்டிய தீயில் சிங்களக் கலையின் வரலாறும் சேர்ந்து எரிந்தது. அப்போது மொஹிதீன் பேக் உயிருடன் இருந்தார்.

அவர் மறைந்து இருபது ஆண்டுகள் கடந்த பின்னர், 2012 ஏப்ரல் 20ஆம் திகதி வெள்ளிக்கிழமை, இம்மாவட்டத்தின் தம்புள்ளையில் பிக்குகள் சிலர் முன்னின்று நடத்திய ஆர்ப்பாட்டக் கூட்டம் அங்குள்ள பள்ளிவாசலுக்குள் புகுந்தது. ஜும்ஆத் தொழுகை தடைப்பட்டது. புனித பூமி எல்லைக்குள் பள்ளிவாசல் அமைந்திருப்பதாகவும் அது அகற்றப்பட வேண்டுமெனவும் கோரப்பட்டது. அதே பகுதியிலிருந்த பத்திரகாளி அம்மன் ஆலயமும் அந்த எல்லைப் பிரச்சினையில் சிக்கி, 2013 ஒக்டோபரில் இடித்தகற்றப்பட்டது. பள்ளிவாசல் சம்பவம் நடந்து சுமார் இரண்டு வாரங்களில் வெசாக் வந்தது. ஆண்டுதோறும் அந்நாளில் ஒலிக்கும் குரலுக்கு அவ்வாண்டும் எவரும் தடை விதிக்கவில்லை. ஹாஜியார் ஒருவரின் குரலுக்குப் புனித பூமியில் இடமிருந்தது. அவரைப் போன்றவர்கள் தொழுவதற்கு இடமில்லை எனச் சிலர் கூறினர். நியாயமாக எழுதவேண்டுமாயின், இந்தச் செயலைக் கண்டித்த சிங்கள மக்களும் பிக்குமாரும் இருந்தனர் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ஆயினும் நாட்டிற்கு நேர்ந்த களங்கம் அதனால் முற்றாக நீங்கிவிடவில்லை. 2014இல் அளுத்கமையிலும் 2018இல் அயல் மாவட்டமான கண்டியின் திகனயிலும் அது மீண்டும் மீண்டும் எழுந்தது.

இவ்வாறான சூழலில் அவரது பாடல்களைக் காத்து வருவோர் யார்? அவரது புதல்வர்களுள் ஒருவரான இஷாக் பேக், தந்தையின் பாடல்களை மேடைதோறும் பாடி அந்த மரபை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்த்தவர். தந்தையின் சாயல் கலந்த அவரது குரலைக் கேட்க இரசிகர்கள் திரண்டனர். அதற்கப்பால், பெயர் அறியப்படாத ஏராளமான மேடைப் பாடகர்கள் உள்ளனர். மாத்தளை, தம்புள்ளை, கலேவெல போன்ற நகரங்களில் நடைபெறும் இசை நிகழ்ச்சிகளில், இசைக்குழுக்கள் பழைய பாடல்களுக்கென ஒரு பகுதியை ஒதுக்குகின்றன. அதில் மொஹிதீன் பேக்கின் பாடல் இல்லாமற் போவது அரிது. தொலைக்காட்சிப் பாடற் போட்டிகளிலும் தமது குரல் வளத்தைக் காட்ட விரும்பும் இளைஞர்கள் அவரது பாடலைத் தெரிவு செய்கின்றனர்.

அவ்வாறு பாடுவது எளிதன்று. இன்றைய பாடகருக்கு ஒலிவாங்கி வாயருகே துணை நிற்கிறது. மெல்ல முணுமுணுத்தாலும் போதும். மொஹிதீன் பேக்கின் பாடலுக்கு அது போதாது. நெஞ்சின் ஆழத்திலிருந்து மூச்சைத் திரட்டி, மேல் ஸ்தாயியில் நீண்ட நேரம் நிறுத்தி, சொல்லின் பொருள் சிதையாமல் இறக்க வேண்டும். ஒலிவாங்கிக்கு முந்திய மேடை மரபும் இசைத்தட்டின் மூன்று நிமிட இறுக்கமும் அப்பாணியில் ஒன்றாகக் கலந்துள்ளன. அதனை முயலும் ஒரு சிங்கள இளைஞன், தான் அறிந்தோ அறியாமலோ, பார்சி நாடக மேடையிலும் கௌஸ் மாஸ்டரின் பயிற்சியிலும் சேலத்துச் சிறுவனின் நெஞ்சுரத்திலும் ஒரு பங்கைத் தன் தொண்டையில் ஏந்துகிறான். இந்தப் பாடகர்களுக்கு நாம் நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம். சர்ச்சைகளைப் பற்றி எவர் என்ன எழுதினாலும், ஒரு பாடலைக் காப்பாற்றுவது அதைப் பாடுவோரே.

ஆனால் அவர்களிடமும் நிகழ்ச்சிகளை ஒழுங்கு செய்வோரிடமும் நாம் வேண்டிக்கொள்வது ஒன்றுண்டு. பல மேடைகளில் பாடலுக்கு முன்னர் அது பழைய பாடல் என்று மட்டுமே அறிவிக்கப்படுகிறது. பாடியவர் பெயர் சொல்லப்பட்டாலும், இசையமைத்தவரின் பெயர் சொல்லப்படுவதில்லை. மொஹிதீன் பேக் எங்கிருந்து வந்தார், யாரிடம் கற்றார், எந்த மதத்தவராக வாழ்ந்து மறைந்தார் என்பவை கூறப்படுவதில்லை. பெயரற்றுப் போகும் பாடல் நாளடைவில் எவருடையதோ ஆகிவிடும். முழுப் பெயரையும் ஊரையும் ஓரிரு வாக்கியங்களில் கூறுவதற்கு அரை நிமிடமும் ஆகாது. அந்த அரை நிமிடத்தில், கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு சிங்களச் சிறுவன் தன் பக்தி கீதத்தின் வரலாற்றை அறிந்துகொள்வான். அருகிலுள்ள கடைவாசலில் நிற்கும் ஒரு முஸ்லிம் சிறுவனும் தோட்டத்திலிருந்து வெசாக் பார்க்க வந்த ஒரு தமிழ்ச் சிறுமியும் இந்த இரவில் தமக்கும் பங்குண்டு என உணர்வார்கள்.

எம்மவரின் கடமையும் இல்லாமலில்லை. தென்னிந்தியத் திரைப்பாடகர்களின் வரலாற்றை விரல்நுனியில் வைத்திருக்கும் எமது வாசகர்களில் பலருக்கு மொஹிதீன் பேக், கௌஸ் மாஸ்டர், முத்துசாமி ஆகியோரைப் பற்றித் தெரியாது. சிங்களத்தில் பாடியதால் அவர்கள் எம்மவர் அல்லர் என எண்ணி விட்டுவிட்டோம். சிங்களத்தில் எழுதப்படும் இசை வரலாறுகளை எட்டிப்பார்ப்பதும் இல்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாத்தளை மாவட்ட மக்களில் நூற்றுக்கு ஒன்பது பேர் அளவில் முஸ்லிம்கள். தமிழர்களும் ஏறத்தாழ அதே அளவினர். இரு மொழிகளும் அறிந்த ஆசிரியர்களும் மாணவர்களும் இங்கு நிறையவே உள்ளனர். பாடசாலைத் தமிழ் மொழித் தின விழாக்களிலும் மீலாத் விழாக்களிலும் இக்கலைஞர்களைப் பற்றிய ஓர் உரையையோ கண்காட்சியையோ ஒழுங்கு செய்ய இவர்களால் முடியும். வீடுகளில் தூசி படிந்து கிடக்கும் பழைய இசைத்தட்டுகளையும் வானொலி இதழ்களையும் பாட்டுப் புத்தகங்களையும் எறிந்துவிடாமல் பாதுகாப்பதும் ஒரு தொண்டே.

எல்லாவற்றிற்கும் மேலாக, மொஹிதீன் பேக்கைச் சான்றாகவோ கேடயமாகவோ பயன்படுத்துவதை இரு தரப்பினரும் கைவிட வேண்டும். அரசு அவருக்குக் கலாசூரி விருதளித்துக் கௌரவித்தது. அதற்கு அவர் முற்றிலும் தகுதியானவர். ஆனால் ஒரு முஸ்லிமோ தமிழரோ இந்நாட்டில் அச்சமின்றி வாழ்வதற்குப் பேரினத்தவரின் இதயத்தைக் கவரும் பாடகராக இருக்க வேண்டிய அவசியமில்லை. மாத்தளை நகரில் சாவிக் கடை வைத்திருப்பவருக்கும், மிளகு வாங்கி விற்பவருக்கும், இறத்தோட்டை மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் அதே உரிமை உண்டு. அவர்கள் எவருக்கும் எதையும் பாடிக் காட்டக் கடமைப்பட்டவர்களல்லர். குடியுரிமை திறமைக்கு வழங்கப்படும் பரிசன்று. மொஹிதீன் பேக் பாடியது தம் தொழிலை நேசித்ததால். பள்ளிவாசல்களுக்கு முன்கூட்டியே காப்புறுதி செலுத்துவதற்காக அல்ல. அவரது பாடலை அவ்வாறு கடன் பத்திரமாக மாற்றுவது அவருக்கு நாம் செய்யும் அவமதிப்பாகும்.

அடுத்த வெசாக் இரவிலும் மாத்தளை வீதிகளில் அந்தக் குரல் ஒலிக்கும். ஏதோவொரு மேடையில் ஓர் இளம் பாடகர் கண்களை மூடி, மூச்சைத் திரட்டி, அந்த உயர்ந்த சுரத்தை எட்டிப்பிடிக்க முயல்வார். பாடல் முடிந்ததும் கைதட்டல் எழும். அப்போது அந்த மேடையிலிருந்து, சேலத்தில் பிறந்த அல்ஹாஜ் மொஹிதீன் பேக் என்ற பெயரும் தெளிவாக உச்சரிக்கப்படட்டும். அதனைக் கேட்டு வீடு திரும்பும் மக்கள், வழியிலுள்ள பள்ளிவாசலையும் கோயிலையும் கடக்கும்போது அவை தம் ஊரின் உடைமைகளே என எண்ணுவார்களாயின், அந்த மகா கலைஞனுக்கு அதைவிடச் சிறந்த அஞ்சலி வேறில்லை.